வாரித் தரைப்பாலம் வருஷா வருஷம் மூழ்குது: எம்.எல்.ஏ.வை எப்படி அசைக்கிறது?

வாரிக்கரை:

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊராட்சி. ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் வரத்துவாரி (மழைநீர் ஓடும் கால்வாய்), அதன் மேல் பழைய தரைப்பாலம். மேலே இருக்கிற கண்மாய் நிரம்பிக் கலிங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) பாய்ந்தால் பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் இது வழக்கமாகிவிட்டது. டவுன் பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும், 108 வண்டியும் அக்கரையில்தான் நிற்கும். சுற்றுப்பாதையில் போனால் 11 கிலோமீட்டர்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்காத வருஷம் இல்லை. வாங்கிக்கொள்வார், "செஞ்சிரலாம்" என்பார், அத்தோடு சரி. ஊராட்சித் தலைவர் பதவிக்காலமும் முடிந்துபோய் இப்போது தனி அலுவலர்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

தொகுதி நிதியில் இந்தப் பாலம் முடியுமா? மனுவை எப்படி எழுதுவது, யார் யார் போவது? சாலை மறியல் செய்தால்தான் நடக்கும் என்கிறார்கள் பையன்கள், அது சரிதானா?

---

ஓவர்சீயர் நோட்டு:

எம்.எல்.ஏ. இருக்கட்டும், முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையா? பாதி மனுக்கள் செத்துப்போகிற இடம் இதுதான். எம்.எல்.ஏ. நல்லெண்ணத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்குக் கடிதம் கொடுப்பார். "இச்சாலை இத்துறையின் கட்டுப்பாட்டில் இல்லை" என்று கோட்டப் பொறியாளர் ஒற்றை வரியில் திருப்பி அனுப்புவார். அந்தப் பதில் யார் கையிலும் சேராமல் எம்.எல்.ஏ. அலுவலகக் கட்டில் கிடக்கும். ஊரில் எல்லோரும் "அவர் கண்டுக்கலை" என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கிறது. ரோட்டின் பெயர், நீளம், எங்கிருந்து எதுவரை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் உங்களுக்கு வேலை பாதி குறையும். அந்தத் துறைச் சாலைகளில் உள்ள 1,281 தரைப்பாலங்களை 2026க்குள் உயர்மட்டப் பாலங்களாக மாற்றுவதாக 2021இல் அறிவிப்பு வந்தது. உங்கள் பாலம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒன்றியச் சாலை என்றால் அந்தப் பட்டியலில் வராது. அப்போது இரண்டு வழி: ஊரக வளர்ச்சித் துறை மூலம் நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) கடனுதவி போன்ற திட்டத்தில் பாலம் கேட்பது, அல்லது ரோட்டையே இதர மாவட்டச் சாலையாகத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைக்கச் சொல்வது. இரண்டாவது வழி நீளம், ஆனால் பிறகு பராமரிப்புக்கும் ஆள் கிடைக்கும்.

தொகுதி நிதியைப் பற்றி. ஆண்டுக்கு 3 கோடி. அதிலும் ஒரு பகுதியை அரசு சொல்கிற வகைப் பணிகளுக்குத்தான் செலவிட முடியும், மீதிதான் அவர் விருப்பம். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல், தொகுதிகள் 234. கிராமப்புறத் தொகுதி என்றால் 60, 70 ஊராட்சி சாதாரணம். பங்கு போட்டால் ஊருக்கு நாலைந்து லட்சம். அதில் நாடக மேடை, சிமெண்ட் ரோடு, ரேஷன் கடைக் கட்டடம் வரும். பல கண் வைத்த பாலம் வராது. பாலத்துக்கு அவருடைய பணம் வேண்டாம், அவருடைய கையெழுத்து வேண்டும். இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அவருக்கும் மூச்சு வரும், பேச்சு வேறு மாதிரிப் போகும்.

ஓர் எச்சரிக்கை. "பாலம் பெரிய வேலை, இப்போதைக்குக் குழாய் வைத்து மட்டத்தை மூணடி ஏத்தித் தர்றேன்" என்று தொகுதி நிதியில் ஏதாவது செய்ய வருவார்கள். உடனே கைதட்டாதீர்கள். குழாய் விட்டம் போதாமல் இருந்தால் முதல் வெள்ளத்தில் சீமைக்கருவேல முள்ளும் சருகும் வந்து வாயை அடைத்துக்கொள்ளும். ஏற்றிய ரோடு அணை மாதிரி நிற்கும், மேல்பக்க வயலில் தண்ணீர் ஏறும், கடைசியில் பாலம் நிற்க இருபக்க அணுகுசாலை அறுத்துக்கொண்டு போகும். வயல்காரர்களோடு சண்டை மிச்சம்.

பொறியாளருக்கு வேண்டிய விவரத்தை ஊரே சேகரிக்கலாம். அடுத்த மழையில் வெள்ளம் தொட்ட உச்ச மட்டத்தைப் பக்கத்து மின்கம்பத்திலோ மதகுச் சுவரிலோ பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பாலத்தின் மேல் அடிக்கோல் பிடித்துத் தண்ணீர் ஆழம் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். எத்தனை நாள் போக்குவரத்து நின்றது என்று ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள். வாரியின் அகலத்தைப் பாலத்தில் மட்டும் அளக்காமல் மேலே 50 மீட்டர், கீழே 50 மீட்டரிலும் அளங்கள், ஏனென்றால் பாலத்தருகே ஆக்கிரமிப்பில் வாரி குறுகியிருக்கும். பாலத்தின் நீளம் 6 மீட்டருக்குள் அடங்கினால் அது சிறுபாலம் (கல்வெர்ட்), அதற்கு மேல் 60 மீட்டர் வரை சிறிய வகைப் பாலம். மதிப்பீடும் அனுமதி தரும் அதிகாரியும் இதைப் பொறுத்தே மாறும்.

கண்மாய் யாருடையது என்பதையும் பாருங்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஒன்றியம். நீர்வளத் துறை என்றால் வாரியில் பாலம் கட்ட அவர்களுடைய தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லாமல் கருத்துரு (பணிக்கான திட்ட முன்மொழிவு) நகராது.

---

பேரவைக் குறிப்பு:

மேலே சொன்னது சரி. மனு எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பாலம், சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, முதியோர் ஓய்வூதியம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், உதவியாளர் அதில் சுலபமானதை, அதாவது தெருவிளக்கை, செய்துவிட்டு "உங்க மனு முடிஞ்சது" என்பார். நகல் போகும் இடங்களையும் குறைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர், ஆளுநர், ஆட்சியர் என்று பதினைந்து பேருக்கு நகல் போட்ட மனுவைப் பார்த்தாலே, யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று பதினைந்து பேரும் விட்டுவிடுவார்கள்.

பொருள் வரி இப்படி இருக்கட்டும்:

"பொருள்: ___ ஒன்றியம், ___ ஊராட்சி – ___ சாலை (ஒன்றியச் சாலை) – ___ வாரியின் குறுக்கே உள்ள தரைப்பாலத்துக்கு மாற்றாக உயர்மட்டப் பாலம் – மதிப்பீடும் கருத்துருவும் தயாரிக்கப் பரிந்துரை கோருதல்."

அதன் கீழே 'பார்வை' என்ற வரியில் கிராம சபைத் தீர்மான எண்ணும் தேதியும். உள்ளே நான்கு பத்தி போதும்: இடம் (புல எண்ணோடு), பாதிப்பு, எந்தத் துறை, என்ன கேட்கிறோம். கடைசிப் பத்தியில் "உரிய நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடிக்காதீர்கள். அந்த வார்த்தைக்கு அரசு அலுவலகத்தில் அர்த்தமே கிடையாது. "மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் செயற்பொறியாளர் களஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்கத் தங்கள் பரிந்துரைக் கடிதத்தை மாவட்ட ஆட்சியருக்கு வழங்குமாறு" என்று எழுதுங்கள். அப்படியே லெட்டர்பேடில் தட்டச்சு செய்யும்படி ஒரு வரைவுக் கடிதமும் இணையுங்கள், பென்டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ கோப்பாகவும் கொடுங்கள். உதவியாளருக்கு வேலை மிச்சம், உங்களுக்கு அன்றைக்கே கடிதம். கடிதத்தின் எண், தேதி, கையெழுத்தோடு ஒரு நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராம சபைத் தீர்மானத்தில் கவனம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். தலைவர் இல்லாவிட்டாலும் தனி அலுவலர் கூட்ட வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும். இந்தக் குறைவெண் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் போட்ட தீர்மானத்தைத் தள்ளுபடி செய்வது சுலபம். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நகல் கேட்டு வாங்குங்கள்.

பாதிப்புக்குச் சான்று அரசாங்கத் தாளாகவே இருக்கட்டும். பேருந்து எந்தெந்தத் தேதியில் பாதியில் திரும்பியது என்று போக்குவரத்துக் கழகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வரமுடியாத நாட்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகப் பெறுங்கள். தலைமையாசிரியரைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், அரசு ஊழியரை மாட்டிவிட்டது போல ஆகும்.

இனி காலம். நெடுஞ்சாலைத் துறையானாலும் ஊரக வளர்ச்சித் துறையானாலும் அடுத்த ஆண்டுக்கான கருத்துருக்கள் மேலே போவது நிதிநிலை அறிக்கைக்கு முன்னால். அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். பிறகு மானியக் கோரிக்கை (துறைவாரி நிதி ஒதுக்கீடு) விவாதத்தில்தான் அமைச்சர்கள் பாலங்களை அறிவிப்பார்கள். அதனால் கார்த்திகை வெள்ளத்தின் படம் கையில் இருக்கும்போதே, மார்கழிக்குள், பரிந்துரைக் கடிதம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சித்திரையில் போய்க் காய்ந்த வாரியைக் காட்டி வெள்ளம் என்றால் யாருக்கும் உறைக்காது.

விவாதத்தில் பேச எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நேரத்தில் படிக்க மூன்று வரிக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: சாலையின் பெயர், கருத்துருவின் எண், எங்கே நிற்கிறது. "கருத்துரு எண் இது, செயற்பொறியாளர் அனுப்பிவிட்டார், நிதி வேண்டும்" என்று பேசினால் அமைச்சருக்கு வரும் குறிப்பில் அது ஏறும். "எங்கள் மக்கள் அவதிப்படுகிறார்கள்" என்று மட்டும் பேசினால் அவைக்குறிப்பில்தான் ஏறும்.

அவர் அசையவே இல்லை என்றால் பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. மாவட்டத்துக்கு வரும்போது முன்கூட்டியே மனு கேட்டு அறிவிப்பு வரும். தமிழில், ஐந்து நகல், தேதியிட்ட கையெழுத்தோடு, பேரவைச் செயலகத்துக்கு. ஒரே பிரச்சினை, ஒரே துறை, பொதுப் பிரச்சினை என்பது விதி. வேலைவாய்ப்பு, பட்டா, ஓய்வூதியம், கடன், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் எதுவும் கூடாது. வாரிப்பாலம் அதற்கென்றே அளந்து செய்த மாதிரியான மனு. குழு அந்தத் துறை அதிகாரிகளை நேரில் உட்காரவைத்துக் கேட்கும்.

---

அஞ்சாம் வார்டு:

இரண்டு அண்ணன்களும் தாளைப் பற்றியே பேசுகிறார்கள். தாள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல தாளோடு போகிற இருபது ஊரில் எந்த ஊர்க் கடிதம் முதலில் போகும் என்பதைத் தாள் முடிவு செய்யாது.

எல்லா வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20இல் இருக்கிறது, தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். எம்.எல்.ஏ.வின் ஆட்களுக்கு அது மனப்பாடம். உங்கள் பாலத்தை உங்கள் ஊர் மட்டும் கேட்டால் ஒரு சாவடி. வாரிக்கு அந்தப் பக்கம் இதே பாதையில் போகிற ஊர்கள் எத்தனை? அவற்றின் கிராம சபையிலும் இதே தீர்மானம் வரட்டும். நாலு ஊராட்சித் தீர்மானம் ஒரே பொருளோடு மேசையில் இருந்தால், ஓட்டு என்ற வார்த்தையை நீங்கள் எடுக்கவே வேண்டாம். எடுத்தால் மிரட்டலாகிவிடும்.

யார் போவது: ஐந்து பேர், ஆறு பேர். கரை வேட்டி யாரும் வேண்டாம், எந்தக் கட்சிக் கரையும். மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர் கட்டாயம், அவர்களில் ஒருவர் பேசட்டும். ஊரில் எத்தனை தெரு, எத்தனை சமூகம் உண்டோ எல்லாவற்றிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். மேலத்தெரு மட்டும் போனால் மறுநாள் கீழத்தெரு போய் "எங்களுக்குத் தண்ணித் தொட்டிதான் முக்கியம்" என்று சொல்லும், எம்.எல்.ஏ.வுக்கு இரண்டையும் செய்யாமலிருக்கக் காரணம் கிடைத்துவிடும். போவதற்கு முன்பே ஊரைக் கூட்டி, இந்த ஆண்டு பாலம் மட்டும்தான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை இதுதான்.

முகூர்த்த நாளில் போகாதீர்கள், அவர் கல்யாணம் காதுகுத்து என்று காரிலேயே இருப்பார். பேரவை நடக்கும்போது சென்னையில் இருப்பார். காலையில் ஆள் சேருமுன் போங்கள், இல்லையென்றால் உதவியாளரிடம் நேரம் வாங்கிப் போங்கள். உதவியாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். கிளைச் செயலாளரைத் தாண்டிப் போகாதீர்கள், ஆனால் அவரிடமே மனுவையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். "நான் சொல்லிட்டேன்" என்பதோடு அது முடிந்துவிடும்.

பாலத்தில் தண்ணீர் ஓடும்போதே அவரை அழைத்து வந்து காட்ட முடிந்தால் அதைவிடப் பெரிய மனு இல்லை. கூட வட்டார வளர்ச்சி அலுவலரும் பொறியாளரும் வந்தால் அங்கேயே "எஸ்டிமேட் போடுங்க" என்று சொல்ல வேண்டிவரும். அந்தப் படத்தை நன்றி சொல்லிப் போடுங்கள், திட்டிப் போடாதீர்கள். வாக்குக் கொடுத்ததற்கு அதுவே சாட்சி.

மறியல் பற்றி. நடந்தால் தாசில்தாரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் போலீஸோடு வந்து பேச்சுவார்த்தை நடத்துவார்கள், அவர்களால் பாலத்துக்குப் பணம் ஒதுக்க முடியாது. வாய்வார்த்தையில் கலைந்து போவீர்கள், பையன்கள் மேல் வழக்கு மட்டும் நிற்கும், பிறகு பாஸ்போர்ட், அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் இழுக்கும். தேர்தல் புறக்கணிப்புப் பேனர் இன்னும் வீண். நடத்தை விதி வந்தபிறகு புதுப் பணிக்கு அனுமதியே தர முடியாது, தொடங்காத பணியும் நிற்கும். யாருமே சட்டப்படி உறுதி கொடுக்க முடியாத நேரத்தில் உறுதி கேட்கிறீர்கள். புறக்கணிப்பு என்று பேச வேண்டுமென்றால் தேர்தலுக்கு ஓராண்டு முன்னால் பேசுங்கள்.

---

வாரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒன்றியச் சாலைதான், பதிவேட்டில் பார்த்துவிட்டோம். மூன்று சந்தேகம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் போன வருஷம் கொடுத்த மனுவுக்கு "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்" என்று பதில் வந்து மனுவை முடித்துவிட்டார்கள். இது குப்பைதானே? இன்னொன்று, இப்போதிருக்கும் பாலம் வளைவில் இருப்பதால் புதுப் பாலம் நேராக வரவேண்டும் என்றால் ஒருவருடைய பட்டா நிலத்தில் அணுகுசாலை கொஞ்சம் ஏறும். அவர் தருவதாகச் சொல்கிறார், பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளவா?

எம்.பி. நிதியில் கேட்பது எப்படி?

---

பேரவைக் குறிப்பு:

குப்பை இல்லை, பத்திரமாக வையுங்கள். பணி தேவையில்லை என்றோ சாத்தியமில்லை என்றோ துறை சொல்லவில்லை, நிதி இல்லை என்று மட்டுமே சொல்லியிருக்கிறது. மனுவின் பார்வையில் அந்தப் பதில் எண்ணை முதல் வரியாகப் போடுங்கள். எம்.எல்.ஏ. "தேவையா என்று பார்க்கச் சொல்கிறேன்" என்று சொல்ல இனி இடமில்லை.

எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதி. உங்கள் பங்குக்கு ஒரு கோடி கூட வராது. மாநிலங்களவை உறுப்பினர் மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், அந்தப் பக்கமும் ஒரு மனு போடலாம். எம்.எல்.ஏ.வுக்குத் தெரியாமல் போடாதீர்கள், அவரிடமே "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். கட்சி வேறு என்றால் பொதுவில் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லத் தயாராக இருங்கள்.

---

ஓவர்சீயர் நோட்டு:

நிலம் விஷயத்தில் வெள்ளைத்தாள் சம்மதம் போதாது. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் எல்லாம் தாண்டி ஒப்பந்ததாரர் மண் கொட்ட வரும் நாளில் அவருடைய பங்காளி ஒருவர் வந்து நிற்பார். பணி நிற்கும், நிதியாண்டு முடியும், பணம் வேறு ஊருக்குப் போகும்.

முதலில் இணையத்தில் புல வரைபடம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊரின் நில விவரப் பதிவேடு) பாருங்கள். வாரி, ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது, பட்டா எங்கே தொடங்குகிறது என்று அளவரிடம் அளந்து கல் நடச் சொல்லுங்கள். பல நேரம் பட்டா என்று நினைத்ததில் பாதி புறம்போக்காகவே இருக்கும். மீதி உண்மையிலேயே பட்டா என்றால், கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். கூட்டுப்பட்டா என்றால் பெயருள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தேவைப்படும் சென்ட்டை மட்டும் உட்பிரிவு செய்து, ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து, பட்டா மாறிய நகலை மனுவோடு இணையுங்கள்.

இது முடிய மாதங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பாலத்தின் இரு முனையிலும் ஆழம் காட்டும் அளவுக்கம்பம், ஓரங்களில் வெள்ளையடித்த காப்புக்கல், ஒரு விளக்கு, "வெள்ளத்தின்போது கடக்காதீர்" பலகை. இதற்கு ஊராட்சிப் பொது நிதியே போதும், தனி அலுவலரிடம் இந்த மழைக்கு முன்பே கேளுங்கள். இந்த மனுவையும் பாலம் மனுவையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.